இராஜகிருகம்: அண்ணல் வாழ்ந்த இல்லம்

உணவு, உடை, உறையுள் என மாந்தரின் அடிப்படைத் தேவைகள் மூன்று எனத் தொடக்கப் பள்ளியிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். இம்மூன்றனுள் உணவைப் பிச்சையெடுத்தும் பெறலாம். உடையை ஒருவர் இரங்கிக் கொடுக்கவும் கூடும். உறையுள் அத்தகையதன்று. இன்னார் எங்கே குடியிருக்கலாம், எந்தத் தெருவைக் கடக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் மொள்ளலாம் என வரையறுத்தே நம் நாட்டில் சாதி நிலைபெற்றது. ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம் என்பதே அதன் வரைபடம். ஆதலின் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் எங்கெங்கே குடியிருந்தார் என்று கேட்டறிந்தாலே அவர்தம் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் விளங்கிவிடும்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு பெரியாரின் வரலாறு எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டபோது, அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை அவர் வாழ்ந்த வீடுகளின் வழியே சொல்வதெனத் துணிந்தோம். அவற்றுள் தலையாயது பம்பாய் மாநகரின் தாதர் பகுதியில், இந்து காலனியில் உள்ள இராஜகிருகம். அவ்வில்லத்தை ஏன் தேர்ந்தோம் என்பது கட்டுரையின் முடிவில் புலப்படும்.

ஒற்றை அறை

1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படைநகரில், இராணுவப் பள்ளியில் பணியாற்றிய சுபேதார் இராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது மகவாகப் பீமராவ் பிறந்தார். தந்தை ஓய்வு பெற்ற பின் குடும்பம் சாத்தாரா நகரில் வாழ்ந்தது. அங்கே தாயை இழந்தார். உடல் ஊனமுற்ற அத்தை மீராவே பிள்ளைகளை வளர்த்தார். பள்ளியில் மற்ற மாணவர் இருக்கும் இடத்தில் அவர் அமர இயலாது. வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணித்துண்டே அவருக்கு இருக்கை. குடிநீர்க் குழாயைத் தொடவும் உரிமையில்லை. பள்ளிப் பணியாள் திறந்துவிட்டால் குடிக்கலாம், அவர் இல்லாத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் பரேல் பகுதியில் தபக் சால் என்னும் குடியிருப்பில் ஓர் அறை எடுத்தது. சால் என்பது நீண்ட தாழ்வாரத்தை ஒட்டி வரிசை வரிசையாக ஒற்றை அறைகள் அமைந்த மாடிக் கட்டடம். சமையல், படுக்கை, அடுக்கி வைத்த விறகு, உறவினர் வருகை அனைத்தும் அந்த ஓர் அறைக்குள்ளேதான். மைந்தன் படிக்க இடம் வேண்டுமே! முன்னிரவில் அவரை உறங்கச் செய்துவிட்டுத் தந்தை விழித்திருப்பார். பின்னிரவு 2 மணியளவில் மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டுத் தாம் படுப்பார். நூல் வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்மக்களிடம் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்துப் புத்தகம் வாங்கித் தந்தார். ஓர் ஓய்வூதியக்காரர் பள்ளிக்கூடம் எதுவும் கட்டவில்லை; தம் உறக்கத்தைக் கொடுத்தார். நம் பெற்றோர் இதனை ஊன்றி எண்ண வேண்டும்.

1907-இல் பீமராவ் மெட்ரிகுலேசன் தேறினார். தீண்டப்படாதார் எனப்பட்ட வகுப்பில் அக்காலத்தில் அது பெருஞ்செய்தி. அதன்பொருட்டு நடந்த பாராட்டுக் கூட்டத்தில், கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் மராத்தியில் இயற்றிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். அந்த ஒரு நூல் அவர் உள்ளத்தில் விதையாய் விழுந்தது. அது எங்கே முளைத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இடம் தந்த நாடும் மறுத்த நகரும்

கேலுஸ்கரின் முயற்சியால் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்த அம்பேத்கர், 1913-இல் அதே மன்னரின் உதவியால் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார், 1916 மே மாதம் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய ஆய்வுரையைப் படித்தார். நியூயார்க் நகரின் பழைய புத்தகக் கடைகளில் அவர் திரட்டிய நூல்கள் ஏறத்தாழ 2,000 என அவர்தம் வரலாற்றாசிரியர் கூறுவர். பின்னர் இலண்டன் சென்று பொருளியற் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. முதல் உலகப் போர் நடந்த காலம் அது. அவருடைய நூற்பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் பகைவரால் மூழ்கடிக்கப்பட்டது.

ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். உயர்ந்த பதவியே கிடைத்தது. ஆனால் அந்நகரில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. இந்து விடுதிகளில் இடமில்லை என்பதறிந்து பார்சி விடுதியொன்றை அடைந்தார். பார்சியல்லாதார் அங்கே தங்கலாகாது. விடுதிக் காப்பாளரின் இசைவுடன் பார்சிப் பெயரொன்றில் பதிவு செய்து, நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் மேல்மாடியில் தங்கினார். வேறெவரும் தங்காத அவ்விருண்ட கூடத்தில், தட்டுமுட்டுப் பொருள்களுக்கு நடுவே ஓர் அரிக்கேன் விளக்கொளியில் நூல்களைத் துணைகொண்டு இரவுகளைக் கழித்தார். பதினோராம் நாட்காலை, தடிகளுடன் பார்சிகள் பலர் படியேறி வந்து சூழ்ந்து, மாலைக்குள் வெளியேறுமாறு எச்சரித்தனர். நண்பர் இருவரை நாடினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவருமே தத்தம் வீட்டு நிலையைக் காட்டி மறுத்தனர். கொலம்பியாவில் எம்.ஏ. பட்டம் பெற்ற அவ்வறிஞர் காமாட்டி பாக் என்னும் பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு, இரவு 9 மணிப் புகைவண்டியில் பம்பாய் திரும்பினார்.

இவ்விடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றனையும் குறிப்பிடுதல் பிழையாகாது. நாம் ஆசிரியப் பணியேற்ற புதிதில் வெளியூர் ஒன்றில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். திண்ணையில் அமர்த்திக் காப்பி கொடுத்த ஒருவர், நம் பட்டத்தைக் கேட்டு மகிழ்ந்தார், ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார். அதன்பின் அவ்வீட்டுக்கு வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டதாக அவருக்குத் திடீரென நினைவு வந்தது. அந்த வீடு மேலும் நான்கு திங்கள் பூட்டியே கிடந்தது. நாள்தோறும் அதனைக் கடந்துதான் பள்ளிக்குச் சென்றோம். தடியேந்தியவர் எவரும் வரவில்லை. ஆயினும் முடிவு ஒன்றே. பரோடா நிகழ்ச்சியை நாம் வெறும் வரலாறாகப் படிக்க இயலாமைக்குக் காரணம் இதுவே.

சாலில் இருபத்திரண்டு ஆண்டுகள்

1896-இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. காற்றும் ஒளியும் புகாத நெருக்கடியான குடியிருப்புகளே நோய்க்கு நிலைக்களன் எனக் கண்ட அரசு, 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை நிறுவியது. அவ்வறக்கட்டளை இரு வேறு பணிகளைச் செய்தது. ஆலைப் பகுதிகளில் ஏழைகளுக்கெனச் சால்களைக் கட்டியது. வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளில் அகன்ற தெருக்களும் மரநிழலும் பூங்காக்களும் அமைத்து நடுத்தர மக்களுக்கென மனைகளைப் பிரித்தது. இந்து காலனி இவ்வகையில் எழுந்ததே. அம்பேத்கரின் வாழ்க்கை, அவ்வறக்கட்டளை கட்டிய சாலிலிருந்து அதே அறக்கட்டளை வகுத்த இந்து காலனிக்குச் சென்ற வாழ்க்கை. அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு சில கல் அளவே. அதனைக் கடக்க அவருக்கு 22 ஆண்டுகள் ஆயின.

1912 முதல் 1934 வரை பரேலில் போய்பாவடிக்கு அருகேயுள்ள சாலின் இரண்டாம் மாடியில் 50, 51 எண்ணுள்ள இரு அறைகளே அவர்தம் குடும்பத்தின் உறையுள். ஓர் அறையில் குடும்பம், மற்றோர் அறையில் நூல்கள். அவர் கடல்கடந்து கற்ற ஆண்டுகளில் அங்கே குடும்பத்தைத் தாங்கியவர் அன்னை இரமாபாய். சாணம் பொறுக்கி வரட்டி தட்டி விற்றும் அரைவயிறு உண்டும் அவ்வம்மையார் நாள்களைக் கடத்தினார். ஐந்து மக்களைப் பெற்று நால்வரைப் பறிகொடுத்தார். எஞ்சியவர் 1912-இல் பிறந்த மூத்த மைந்தர் யஷ்வந்த் ஒருவரே. 1926-இல் கடைசி மைந்தன் இராஜரத்னா மறைந்தது கணவன் மனைவி இருவரையுமே நொறுக்கியது.

1918-இல் சிடனம் கல்லூரிப் பேராசிரியராகி, சிக்கனமாய்ச் சேர்த்த பணமும், கோலாப்பூர் சாகு மன்னரின் உதவியும், நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் தந்த கடனும் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று விட்ட படிப்பைத் தொடர்ந்தார். விடுதியொன்றில் அரைவயிறு உண்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் பகலெல்லாம் கழித்து, எம்.எஸ்சி., டி.எஸ்சி. பட்டங்களும் பாரிஸ்டர் தகுதியும் பெற்று 1923-இல் திரும்பினார். திரும்பியதும் அதே சால்தான். அதே இரு அறைகள்தாம். 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை அமைத்ததும், 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாத்தில் சௌதார் குளத்து நீரை அள்ளிப் பருகும் அறப்போர் நடத்தியதும், அவ்வாண்டு டிசம்பர் 25-இல் மனுநூலை எரித்ததும், 1930-இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியதும், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனாருடன் அமர்ந்து வாதாடியதும் அந்த இரு அறைகளில் குடியிருந்த காலத்திலேயே.

1932 செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனி வாக்காளர் தொகுதி என்னும் கோரிக்கையை அவர் கைவிட நேர்ந்தது. மாறாக, மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. அவற்றுள் சென்னை மாகாணத்துக்குரியவை 30. நம் வாசுதேவநல்லூர் தனித்தொகுதியாக விளங்குவதன் வேர் அவ்வொப்பந்தம் வரை செல்கிறது. அதில் நாம் பெற்றது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. இளைஞர்கள் இரு பக்கத்தையும் படித்தறிதல் வேண்டும்.

நூல்களுக்காக எழுந்த மாளிகை

நூல்கள் பெருகின. அறையின் சுவர்களை மறைத்தன, நடைபாதையை அடைத்தன. நூல்களுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. வழக்கறிஞர் தொழிலில் வருவாய் வரத்தொடங்கியிருந்த காலம். இந்து காலனியில் இரு மனைகளை வாங்கி, கடன் பெற்று, 1930-களின் தொடக்கத்தில் கட்டட வேலையைத் தொடங்கினார். ஒரு மனையில் எழுந்தது சார்மினார். மற்றொன்றில் எழுந்தது இராஜகிருகம். கீழ்த்தளம் குடும்பத்துக்கு, மேல்தளம் நூலகத்துக்கும் அலுவலுக்கும் என்பது அமைப்பு. நூலகத்தை மனத்திற் கொண்டே கட்டடத்தின் திட்டத்தை அவர் வகுத்தார்.

சேரி மக்களின் தலைவர் ஒருவர் மேல்சாதியார் வாழும் காலனியில் மாளிகை எழுப்பலாமா என்னும் கேள்வி இன்றும் கேட்கப்படுவதுண்டு. அதனை மழுப்பாமல் எதிர்கொள்வதே முறை. தம் மக்கள் குடிசையிலும் சாலிலும் வாழ்கையில் அவர் மாளிகையில் வாழ்ந்தார் என்பது உண்மையே. ஆனால் அம்மாளிகையின் பெரும் பகுதியில் குடியிருந்தவை நூல்கள். மேலும், கடனடைக்கவும் நூல் வாங்கவும் பணம் தேவைப்பட்டபோது 1941-இல் அவர் சார்மினாரை விற்றார். வீட்டை விற்று நூல் வாங்கியவரைப் பார்த்து, மாளிகை ஆசை கொண்டவர் எனக் கூறுதல் பொருந்துமா? எந்த இனத்துக்குச் சேரிதான் எல்லை என வரையறுக்கப்பட்டதோ, அந்த இனத்தைச் சார்ந்த ஒருவர் தம் உழைப்பால் அவ்வெல்லையைக் கடந்து வீடு கட்டியதே ஓர் அறப்போர் எனக் கொள்ளலாம்.

இல்லத்துக்கு இட்ட பெயரும் எண்ணத்தக்கது. இராஜகிருகம் என்பது பண்டை மகத நாட்டின் தலைநகர். இன்றைய பீகாரில் இராஜ்கிர் என வழங்குவது. அந்நகரை ஆண்ட பிம்பிசாரன் புத்தர் பெருமானுக்கு மூங்கிற் சோலையை உறையுளாக அளித்தான். புத்தரின் மறைவுக்குப் பின் அடியார்கள் கூடி அவர்தம் போதனைகளைத் தொகுத்த முதற் பேரவையும் அங்கேயே நடந்தது. இந்துவாகச் சாகமாட்டேன் என்னும் அறிவிப்பை அவர் யேவலா மாநாட்டில் வெளியிட்டது 1935 அக்டோபர் 13-இல். புத்தம் தழுவியது 1956-இல். அவ்விரண்டுக்கும் முன்னரே தம் வீட்டு வாயிலில் புத்தர் வரலாற்று நகரொன்றின் பெயரைப் பொறித்துவிட்டார். கேலுஸ்கர் ஆசிரியர் ஒரு மாணவனுக்குக் கொடுத்த நூல் முளைத்த இடம் இதுவே. ஓர் ஆசிரியரின் பரிசு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு, ஆசிரியத் தொழிலில் மூத்த நமக்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

அன்னையின் குறுகிய வாழ்வு

புது வீட்டுக்குக் குடிபுகும்போதே அன்னை இரமாபாயின் உடல் நலிந்திருந்தது. பண்டரிபுரம் சென்று விட்டலனைத் தரிசிக்க வேண்டுமென்பது அவ்வம்மையாரின் நெடுநாள் விருப்பம். தீண்டப்படாதார் அக்கோயிலுள் செல்ல இயலாது. வெளியே நின்று வணங்கித் திரும்பலாம். அவ்வாறு இழிவுபட்டு வணங்க வேண்டியதில்லை, நமக்கென வேறொரு பண்டரிபுரத்தை உருவாக்குவோம் என்னும் பொருள்படக் கணவர் ஆறுதல் கூறினார் என்பர். 1935 மே 27-ஆம் நாள் அன்னை அவ்வில்லத்திலேயே கண்மூடினார். இரு அறைகளில் 20 ஆண்டுகளுக்கு மேல் துன்புற்றவர் மாளிகையில் வாழ்ந்தது ஓராண்டளவே. பிற்காலத்தில் பாகிஸ்தான் பற்றித் தாம் எழுதிய பெருநூலை அண்ணல் இராமு என்னும் அவ்வம்மையாரின் செல்லப் பெயருக்கே உரிமையாக்கினார்.

இராஜகிருகத்தின் வரலாறு கூறுவோர் பெரும்பாலும் நூலகத்தை மட்டுமே புகழ்வர். அந்நூலகத்தின் அடித்தளத்தில் ஒரு பெண்ணின் பட்டினி இருந்தது என்பதை நம் சங்கத்து ஆடவர் மறத்தல் ஆகாது. நம் பிள்ளைகள் படிப்பதன் பொருட்டு வயலிலும் எலுமிச்சைத் தோட்டத்திலும் கூலிக்குச் செல்லும் தாய்மார் பலர் அவ்வன்னையின் மறுபதிப்பே.

அவ்வில்லத்தில் விளைந்தவை

அன்னை மறைந்த சில நாள்களில், 1935 சூனில், பம்பாய் அரசு சட்டக் கல்லூரி முதல்வர் பொறுப்பை அண்ணல் ஏற்றார். அதுமுதல் 1942 வரை இராஜகிருகம் ஒரு பாசறையாகத் திகழ்ந்தது. லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று அவரைத் தலைமையுரைக்கு அழைத்து, உரையின் கருத்துக்கு அஞ்சி மாநாட்டையே கைவிட்டது. அவ்வுரையை 1936-இல் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். சாதியை ஒழிக்கும் வழி கூறும் அந்நூலைத் தந்தை பெரியார் தம் குடி அரசு ஏட்டின் வாயிலாகத் தமிழில் வெளியிட்டார். பெரியார் 1940 சனவரியில் பம்பாய் சென்று அம்பேத்கரைச் சந்தித்ததும் வரலாறு.

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நுழைந்து, உழவரைச் சுரண்டிய கோத்தி முறையை ஒழிக்க மசோதா கொணர்ந்தார். 1938 நவம்பர் 7-ஆம் நாள், வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்திய தொழிற்றகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைப் பொதுவுடைமையாளருடன் இணைந்து நடத்தினார். கோரிக்கையோடு வரும் ஏழைகளும், வழக்கோடு வரும் கட்சிக்காரர்களும், அறிவு நாடி வரும் இளைஞர்களும் அவ்வில்லத்தின் படிகளில் ஏறினர். அவர்கள் சென்றபின் நூல்களுக்கு இடையே இரவு கழியும். நூல்களின் எண்ணிக்கை பிற்காலத்தில் 50,000 எனச் சொல்லப்பட்டது. தனியொருவரின் நூலகமாக அது உலகப் பெருநூலகங்களுள் ஒன்றெனக் கருதப்பட்டது.

டில்லி மாளிகைகள்

1942-இல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராகி டில்லி சென்றார். அவ்வாண்டில் நாகபுரியில் உருவான பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்குத் தலைவராக அமர்ந்தவர் சென்னையைச் சேர்ந்த ந. சிவராஜ் என்பது தமிழர்க்குப் பெருமை. தொழிற்சாலையில் வாரத்துக்கு 54 மணி வேலை என்றிருந்ததை 48 மணியாக்கும் சட்டத்திருத்தம் அவர் பொறுப்பிலேயே உருவாயிற்று. 1944-இல் தொடங்கிய, பட்டியல் சாதி மாணவரின் மெட்ரிக்குக்குப் பிந்தைய படிப்புக்கான இந்திய அரசின் உதவித்தொகையும் அக்காலத்ததே. நம் சங்கத்தில் படிவம் நிரப்பி ஆண்டுதோறும் பெறும் உதவித்தொகையின் பிறப்பு அதுதான்.

1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். 1950-இல் ஔரங்காபாத்தில் கல்லூரி எழுந்தது. இராஜகிருகத்து நூல்களுள் பெரும்பகுதி சித்தார்த்தா கல்லூரியை அடைந்து மாணவர்க்குப் பயன்பட்டது. வீட்டை விற்று நூல் வாங்கியவர், அந்நூல்களையும் பிள்ளைகளுக்கே வழங்கினார்.

1947 ஆகஸ்டு 29-இல் அரசியலமைப்பு வரைவுக் குழு அமைந்தது. அண்ணல் அதன் தலைவர். 1949 நவம்பர் 26-இல் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. ஒரு காலத்தில் பரோடாவில் தங்க இடமின்றிப் பூங்காவில் அமர்ந்திருந்தவர், சட்ட அமைச்சராக டில்லியில் அரசு மாளிகையில் வாழ்ந்தார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டபோது 1951-இல் அப்பதவியையும் அம்மாளிகையையும் துறந்து, அலிப்பூர் சாலை 26-ஆம் எண் இல்லத்துக்குச் சென்றார். 1948-இல் அவரை மணந்த மருத்துவர் சவிதா அம்மையார் அங்கே அவருக்குத் துணையாயிருந்தார். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் புத்தம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாளிரவு, புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலின் முன்னுரையைத் திருத்திக்கொண்டிருந்தவர், மறுநாட்காலை எழவில்லை.

திரும்பிய நாள்

டில்லியில் மறைந்தவரின் உடல் வானூர்தியில் பம்பாய் கொணரப்பட்டு, விடியுமுன் இராஜகிருகத்தை அடைந்தது. ஆலைகளை விட்டு வந்த தொழிலாளரும், சால்களிலிருந்தும் குடிசைகளிலிருந்தும் வந்த பெண்டிரும் இந்து காலனியின் தெருக்களை நிறைத்தனர். மேட்டுக்குடியினருக்கென வகுத்த அத்தெருக்களில், அன்று வழி விடுமாறு எவரும் அவர்களைப் பணிக்க இயலவில்லை. டிசம்பர் 7-ஆம் நாள் தாதர் கடற்கரையில் புத்த முறைப்படி எரியூட்டினர். அவ்விடத்தில் 1971-இல் சைத்திய பூமி எழுந்தது. அதன்பொருட்டு உழைத்த மைந்தர் யஷ்வந்த் 1977-இல் மறையும் வரை இராஜகிருகத்திலேயே வாழ்ந்தார். அவர்தம் வழியினர் அதன்பின்னும் அவ்வில்லத்தைப் பேணிவந்தனர். கீழ்த்தளத்தில் அண்ணல் புழங்கிய பொருள்களும் நிழற்படங்களும் அஸ்திக் கலசமும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.

2020 சூலை 7-ஆம் நாள் அவ்வில்லத்துள் புகுந்து பூந்தொட்டிகளையும் கண்காணிப்புக் கருவியையும் உடைத்தனர் என்னும் செய்தி நாட்டையே அதிர்ச்சியுறச் செய்தது. வீட்டின் மீதும் சிலைகளின் மீதும் வீசப்படும் கல், உண்மையில் எழுத்தறிந்த தலைமுறையின் மீது வீசப்படும் கல்லே. கல்லுக்குக் கல் விடையாகாது. அவ்வில்லம் எதற்காக எழுந்ததோ அதனைப் பெருக்குவதே விடை.

நமக்குரிய பாடம்

நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடித் தாராவிக்குச் சென்றோர் பல்லாயிரவர். நம் சிற்றப்பா ஒருவரும் இளமையில் அவ்வாறு சென்று தோல் பட்டறையில் உழைத்தவரே. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடுமுறையில் ஊர் வரும்போது இராஜகிருகத்தைப் பற்றித் திண்ணையில் அமர்ந்து சொல்வார். டிசம்பர் 6-ஆம் நாள் தாதருக்கு வரும் பெருங்கூட்டத்தைப் பற்றியும், கிழிந்த சட்டை அணிந்தோர் கூட வழிச்செலவில் மிச்சம் பிடித்து அங்கே விற்கும் நூல்களை வாங்கிச் செல்வதைப் பற்றியும் கூறுவார். அவ்வாறே அவரும் ஒருமுறை தாம் படிக்க இயலாத நூலொன்றை வாங்கிவந்து நம் கையில் கொடுத்தார். அதுவே நமக்கு வாய்த்த முதல் நூல்.

அன்பார்ந்த உறுப்பினர்களே! வெள்ளி விழா நினைவாகத் திரட்டும் நிதியைக் கொண்டு எதைக் கட்டுவது என்னும் பேச்சு நம்மிடையே நடந்துவருகிறது. திருமண மண்டபம் கட்டலாம், வாடகை வரும், வெளியார் மண்டபத்தில் நம்மவர் இடத்துக்குக் கெஞ்ச வேண்டியதில்லை என்பாரும் உளர். அவர்கள் கூறுவதில் நியாயமில்லை எனத் தள்ளமாட்டோம். இடம் மறுக்கப்படுவதன் வலியை நாமும் அறிவோம். ஆயினும் மண்டபத்தில் ஒரு குடும்பம் ஒருநாள் அமரும். படிப்பகத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நாளும் அமரும். மலையடிவாரத்து நம் தெருக்களில், ஓர் அறையில் அறுவர் படுக்கும் வீடுகள் எத்தனை உள்ளன என்பதை இல்லந்தோறும் சென்றுவரும் ஆசிரியர் அறிவர். அவ்வீட்டுப் பிள்ளை தேர்வுக்கு எங்கே அமர்ந்து படிக்கும்? அதனை எழுப்பப் பின்னிரவு 2 மணிவரை விழித்திருக்கும் சுபேதார் இராம்ஜி எல்லா வீட்டிலும் இருப்பாரா?

ஆதலின் நாம் கேட்பது இதுவே. முதலில் நூலகத்தோடு கூடிய படிப்பகம் எழட்டும். இரவெல்லாம் விளக்கெரியட்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி அறையும் காவலும் அமையட்டும். மண்டபம் பின்னர் வரலாம். பணம் போதாதெனில் நாம் நம் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கு தர இப்போதே வாக்களிக்கிறோம். இளைஞர்கள் ஆளுக்கொரு நூலேனும் கொணர்க. சிற்றப்பா கொடுத்த அப்பழைய நூலை முதல் நூலாக நாம் கொணர்வோம்.

பம்பாயில் உள்ளது ஓர் இராஜகிருகம். வாசுதேவநல்லூரில் ஓர் அறையளவேனும் ஓர் இராஜகிருகம் எழுமாயின், அதுவே நம் வெள்ளி விழாவுக்கு அணியாகும்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!